ஆளில்லா அரங்கில் நான்கு பேர்

1. கல்லெறிந்த ரசிகர்கள்

கி.பி. 59. தெற்கு இத்தாலியில், வெசூவியஸ் மலையடிவாரத்தில் பாம்பெய் நகரம். ஊர்க்கோடியில் முட்டை வடிவத்தில் ஒரு கல் அரங்கம். அன்றைக்கு அங்கே கிளாடியேட்டர் சண்டை. உள்ளூர்க்காரர்களோடு பக்கத்து ஊரான நுசேரியாவிலிருந்தும் கூட்டம் வந்திருந்தது. இரண்டு ஊருக்கும் ஏற்கெனவே ஆகாது.

முதலில் கேலி. கேலி முற்றி வசவு. வசவு முற்றிக் கல்வீச்சு. கடைசியில் கத்தி. வேடிக்கை பார்க்க வந்தவர்களே ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். நுசேரியாக்காரர்கள் பக்கம்தான் பிணம் அதிகம். பெற்றவர்களையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர்கள் ரோமுக்கே போய் முறையிட்டார்கள். நீரோ மன்னன் வழக்கை செனட் சபையின் தலையில் கட்டினான். பத்து ஆண்டுகளுக்கு பாம்பெயில் இந்த மாதிரிக் கூட்டமே கூடக் கூடாது என்று தீர்ப்பானது. காட்சியை நடத்திய லிவினியஸ் ரெகுலஸ் நாடு கடத்தப்பட்டான். வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். பாம்பெயில் யாரோ ஒருவர் தம் வீட்டுச் சுவரில் இந்தக் கலவரத்தை ஓவியமாகவே தீட்டியிருந்தார். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனால் இன்றும் பார்க்கலாம்.

அந்தத் தண்டனைக்குப் பின் இருபதே ஆண்டுகள். கி.பி. 79-ல் வெசூவியஸ் வெடித்தது. ஊரும் அரங்கமும் சாம்பலுக்கு அடியில் போயின.

ரசிகர்கள் செய்த அட்டகாசத்தால் பூட்டப்பட்ட அதே அரங்கத்துக்கு, ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் கழித்து நான்கு ஆங்கிலேயர்கள் லாரி நிறைய ஸ்பீக்கர்களோடு வந்தார்கள். ரசிகர் ஒருவர்கூட வேண்டாம் என்பதுதான் இந்த முறை ஏற்பாடு.

ஏன் அப்படி ஒரு யோசனை? அதற்கு 1969-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில், ஒரு பால்பண்ணைக்காரரின் நிலத்தில் நான்கு லட்சம் பேர் கூடினார்கள். வுட்ஸ்டாக். அடுத்த ஆண்டே அது சினிமாவாக வந்து வசூலை அள்ளியது. படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் பாடகர்களுக்கு இணையான கதாநாயகன் கூட்டம்தான். மழையில் ஆடுவதும் சேற்றில் வழுக்குவதும் அவர்களே. 1969 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஆல்டமாண்ட்டில் காட்சி தலைகீழானது. ரோலிங் ஸ்டோன்ஸ் வாசித்துக்கொண்டிருந்த மேடைக்கு எதிரிலேயே 18 வயது ரசிகர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அதுவும் கேமராவில் பதிந்தது. 'கிம்மி ஷெல்டர்' என்ற பெயரில் அதுவும் படமானது. நல்லதோ கெட்டதோ, ராக் கச்சேரியைப் படமெடுப்பது என்றால் பாதி நேரம் கூட்டத்தைக் காட்டுவது என்றாகிவிட்டது.

அட்ரியன் மேபனுக்கு இது சலித்துப் போயிருந்தது. ஸ்காட்லாந்துக்காரர், பாரிசில் வேலை பார்த்த இளம் இயக்குநர். அவருக்கு 'பிங்க் ஃப்ளாய்ட்' குழுவின் இசை மீது ஒரு கண். அப்போது அந்தக் குழுவில் நான்கு பேர். பேஸ் கிதாரில் ரோஜர் வாட்டர்ஸ், கிதாரில் டேவிட் கில்மர், கீபோர்டில் ரிச்சர்ட் ரைட், டிரம்ஸில் நிக் மேசன். குழுவைத் தொடக்கத்தில் வழிநடத்திய சிட் பாரெட் 1968-லேயே விலகிவிட்டிருந்தார். அவர் போன பிறகு பாட்டுகள் நீண்டன. வார்த்தைகள் குறைந்தன. இருபது நிமிடம் ஓடும் பாட்டெல்லாம் வந்தது. இப்போது 'புரோக்ரெசிவ் ராக்' என்று பெயர் வைத்துத் தனி அலமாரியில் அடுக்குகிறோமே, அந்த ரகம்.

மேபன் முதலில் கொண்டுபோன யோசனை வேறு. மக்ரீத் போன்றவர்களின் ஓவியங்கள் திரையில் ஓட, பின்னணியில் பிங்க் ஃப்ளாய்ட் இசை. கில்மரும் குழுவின் மேனேஜர் ஸ்டீவ் ஓ'ரூர்க்கும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மரியாதையாக மறுத்துவிட்டார்கள். நல்லவேளை என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் படம் வந்திருந்தால் இன்று யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

1971 கோடை. மேபன் தன் காதலியோடு இத்தாலிக்கு விடுமுறையில் போனார். பாம்பெய் பார்த்துவிட்டுக் கிளம்பிய பிறகு சட்டைப்பையைத் தடவினால் பாஸ்போர்ட்டைக் காணோம். பகலில் அரங்கத்தில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பி ஓடினார். வாயில் மூடும் நேரம் கடந்திருந்தது. காவலரிடம் கெஞ்சி உள்ளே போனார்.

அந்தி மங்கிக்கொண்டிருந்தது. பகலில் நெரிந்த சுற்றுலாக்காரர்கள் யாரும் இல்லை. பூச்சிகளின் ரீங்காரம், தலைக்கு மேல் வௌவால்கள், அவ்வளவுதான். சின்னச் சத்தம்கூடச் சுற்றிச் சுற்றி வந்தது. தேடிவந்த பாஸ்போர்ட்டை மறந்து மேபன் நின்றுவிட்டார். வுட்ஸ்டாக்குக்கு நேர் எதிரான படம் எங்கே எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இருபதாயிரம் பேர் உட்காரும் அரங்கம், அதில் வாசிக்கிற நான்கு பேர், கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

இந்த முறை குழு ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரு கறார் நிபந்தனை. ரெக்கார்டை ஓடவிட்டு வாயசைக்க மாட்டோம், அங்கேயே நிஜமாக வாசிப்போம், எங்கள் சாமான் முழுவதும் வந்தாக வேண்டும் என்றார்கள். அரசாங்கத்திடம் அனுமதி வாங்குவது அடுத்த மலை. நேப்பிள்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஊகோ கார்புட்டி பிங்க் ஃப்ளாய்ட் ரசிகராக அமைந்தது மேபனின் யோகம். அவர் அதிகாரிகளிடம் பேசிப் பேசி, கட்டணம் கட்டி, ஆறு நாளைக்கு அரங்கத்தை மூடி வாங்கிக்கொடுத்தார்.

லண்டனிலிருந்து லாரி கிளம்பியது. ஐரோப்பாவைக் குறுக்கே தாண்டி பாம்பெய் வந்து சேர்ந்தது. 'பிங்க் ஃப்ளாய்ட், லண்டன்' என்று வெள்ளை எழுத்தில் அச்சடித்த கறுப்புப் பெட்டிகளை ஒவ்வொன்றாக மண் தரையில் இறக்கினார்கள். ஸ்பீக்கர்களை அடுக்கினார்கள். டிரம்ஸைப் பூட்டினார்கள். மைக் வைத்தார்கள். எல்லாம் தயார்.

சுவிட்சைப் போட வேண்டிய நேரத்தில்தான் தெரிந்தது, ரோமானியர்கள் கட்டிய அந்த அரங்கில் இவ்வளவு சாமானை ஓட்டக் கரண்ட் இல்லை!

(தொடரும்)

2. இழுத்து வந்த கரண்ட்

ஆறு நாள் அனுமதி. அதில் ஒவ்வொரு நாளாகக் கரைந்துகொண்டிருந்தது. குழு சும்மா உட்கார்ந்திருந்தது. அக்டோபர் பாதியில் அவர்களுக்கு அமெரிக்காவில் கச்சேரிகள் ஒப்பந்தமாகியிருந்தன. தேதியைத் தள்ளிப்போட வழியில்லை.

கடைசியில் கிடைத்த தீர்வு நம் தெருக்களில் எல்லோருக்கும் பழக்கமானதுதான். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுப்பது! நவீன பாம்பெய் ஊருக்குள்ளிருந்து தெருத்தெருவாக நீளக் கேபிள் போட்டு அரங்கம்வரை கொண்டுவந்தார்கள். ஒருவழியாக ஆம்ப்களின் சிவப்பு விளக்குகள் எரிந்தன.

1971 அக்டோபர் 4 முதல் 7 வரை படப்பிடிப்பு. கையில் மிஞ்சிய நாட்களில் மூன்றே பாட்டுகளைத்தான் பாம்பெயில் எடுக்க முடிந்தது: 'எக்கோஸ்', 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்', 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்'. பின்னாளில் 'லைவ் அட் பாம்பெய்' என்று உலகமே சொல்லப்போகும் பதிவில் உண்மையில் பாம்பெயில் பிறந்தவை இந்த மூன்றுதான். மற்றவற்றின் கதை அடுத்த வாரம்.

மேடை போடவில்லை. அரங்கின் நடுவே, கிளாடியேட்டர்கள் நின்ற அதே மண்ணில் நால்வரும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பல ஆயிரம் பேருக்குக் கேட்கும்படியான ஸ்பீக்கர் வரிசை. கேட்க ஆளில்லாத இடத்தில் அது எதற்கு? குழுவின் பக்கம் நின்று யோசித்தால் விடை கிடைக்கும். ஸ்டுடியோவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பது ஒரு ரகம். முதுகுக்குப் பின்னால் மலைபோல் ஒலி எழும்பி, அது உடம்பில் மோதி, அந்த மோதலுக்குப் பதிலாக அடுத்த ஸ்வரத்தை எடுப்பது வேறு ரகம். அவர்களுக்கு இரண்டாவதுதான் கச்சேரி. ரசிகர்கள் இல்லாமல் அது நடக்கும். ஒலிப்பெட்டிகள் இல்லாமல் நடக்காது.

'எக்கோஸ்' பாட்டை வைத்தே இதைப் பார்க்கலாம். 23 நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு அது. அதைத் தாங்கிய 'மெடில்' ஆல்பம் அப்போது இன்னும் கடைக்கே வரவில்லை. ஆரம்பம் ஒரே ஒரு சொட்டு. ரைட் பியானோவில் மேல் ஸ்தாயிக் கட்டை ஒன்றைத் தட்டுகிறார். அந்த ஒலி லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கருக்குள் போய், நீர்மூழ்கிக் கப்பலின் சமிக்ஞைபோலத் திரும்பி வருகிறது. மறுபடி ஒரு சொட்டு. கேமரா அரங்கின் உச்சியிலிருந்து மெல்ல மெல்லக் கீழே நெருங்குகிறது. புள்ளிகளாகத் தெரிந்தவர்கள் ஆட்களாகிறார்கள். பிறகு ரைட்டும் கில்மரும் ஒன்றாகப் பாடுகிறார்கள். இரண்டு குரலும் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாது. இடையில் கேமரா தண்டவாளத்தில் ஊர்ந்து ஸ்பீக்கர்களின் முதுகுப்புறத்தையே காட்டிக்கொண்டு போகிறது. வயர்கள், பெட்டிகள், எழுத்துகள், தூசி. வேறு படமென்றால் அந்த இடத்தில் கண்ணீர் மல்கும் ரசிகையின் முகம் வந்திருக்கும். இங்கே மரப்பெட்டியின் பின்பக்கம்!

கில்மரின் கிதாரிலிருந்து இடையே கடற்பறவை அலறுவதுபோல ஒன்று கேட்கும். வா-வா பெடலில் வயர்களை இடம் மாற்றிச் சொருகினால் வரும் சத்தம் அது. தவறாகச் சொருகியபோது அகப்பட்டதை அப்படியே பாட்டில் வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு சங்கதி. இந்தப் பதிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அரங்கத்தின் இயற்கையான எதிரொலியைப் புகழ்வார்கள். அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். மைக்குகள் எல்லாம் கருவிகளின் வாயருகே இருந்தன. அரங்கின் வரிசைகளில் பெரும்பகுதியில் புல் மண்டியிருந்தது. நம் காதில் விழும் எதிரொலியில் நிறையப் பங்கு பின்சன் எக்கோரெக் என்ற இயந்திரத்துடையது. உள்ளே காந்தத் தகடு சுழன்றுகொண்டே ஒலியைப் பிடித்து வைத்துத் திருப்பிச் சொல்லும். கில்மருக்கும் வாட்டர்ஸுக்கும் செல்லக் கருவி. தயாரித்த ஊர் இத்தாலியின் மிலான். ஆக அந்த எதிரொலியும் இத்தாலியச் சரக்குதான், அரங்கத்துடையது அல்ல!

'சாசர்ஃபுல்' பாட்டில் நால்வரும் இசையைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். ரைட் பியானோவை முஷ்டியால் குத்துகிறார். கில்மர் தரையில் சப்பணமிட்டதுபோல உட்கார்ந்து கிதாரிலிருந்து அலறலை உருவுகிறார். வாட்டர்ஸ் பெரிய காங் தட்டை அடிக்கிறார். அவர் பின்னால் சூரியன். கறுப்பு நிழலுருவமாக அவர் கை உயர்ந்து இறங்குகிறது. ராக் இசையில் அதிகம் அச்சான பிம்பங்களில் அது ஒன்று. மேசன் மட்டும் விடாமல் ஒரே தாளத்தைச் சுழற்றிக்கொண்டிருப்பார். மற்ற மூவரும் எங்கே போனாலும் திரும்பி வர அந்தத் தாளம்தான் வழி.

நிஜமாகவே ஆளில்லையா என்று கேட்டால், இருந்தார்கள். சாமான் தூக்கும் பையன்கள் சட்டையில்லாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளூர்ச் சிறுவர்கள் சிலர் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டார்கள். விரட்டவில்லை, சத்தம் போடாமல் இருக்கச் சொல்லி விட்டுவிட்டார்கள். இலவசமாக பிங்க் ஃப்ளாய்ட் கேட்ட அந்தப் பொடியன்களுக்கு இன்று அறுபது வயதாவது இருக்கும்.

நாட்கள் முடிந்தன. குழு அமெரிக்காவுக்குப் பறந்தது. மேபன் பிலிம் டப்பாக்களோடு பாரிஸ் திரும்பி எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்தார். 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' பாட்டின் சுருள்களைத் தேடினார். மேசன் இருந்தார். நன்றாகவே இருந்தார். கில்மர்? வாட்டர்ஸ்? ரைட்?

அந்த மூவரும் இருந்த டப்பாக்கள் எங்கேயோ தொலைந்துபோயிருந்தன.

(தொடரும்)

3. தாடியும் நாயும்

பாஸ்போர்ட்டில் தொடங்கிய தொலைப்பு இன்னும் மேபனை விடவில்லை. ஆனால் அந்த ஆளுக்கு நஷ்டத்திலும் லாபம் பார்க்கத் தெரிந்திருந்தது. இருக்கிற மேசனை வைத்தே ஒரு முழுப் பாட்டையும் ஓட்டிவிட்டார்.

அதனால்தான் ராக் சினிமாவில் அபூர்வமான ஒரு காட்சி கிடைத்தது. டிரம்மரை யாரும் இவ்வளவு நேரம் பார்ப்பதில்லை, கிதார்காரர்தான் எப்போதும் முன்னால். இங்கே கண்ணெடுக்காமல் மேசனைப் பார்க்கிறோம். வேகம் உச்சத்தில் இருக்கும்போது ஒரு குச்சி கையிலிருந்து நழுவிப் பறக்கிறது. முகத்தில் சலனமில்லை. ஒரு கை தாளத்தைப் பிடித்துக்கொள்ள, மறு கை அடுத்த குச்சியை எடுத்துச் சேர்ந்துகொள்கிறது. ஸ்டுடியோவில் இது நடந்திருந்தால் நிறுத்தி மறுபடி எடுத்திருப்பார்கள். கூட்டத்துக்கு முன்னால் நடந்திருந்தால் ஆரவாரத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. காலி அரங்கில் அது அப்படியே நின்றுவிட்டது. 'லைவ்' என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்தக் குச்சியைத்தான் காட்டுவேன்.

ஆனாலும் படத்துக்கு மூன்று பாட்டு போதாது. செலவில் பங்கு போட்ட ஜெர்மன், பிரெஞ்சு, பெல்ஜியத் தொலைக்காட்சிகளுக்கு முழு நிகழ்ச்சி வேண்டும். டிசம்பர் 13 முதல் 20 வரை பாரிசில் யூரோபாசனோர் ஸ்டுடியோவில் குழு மறுபடி கூடியது. 'செட் தி கன்ட்ரோல்ஸ் ஃபார் தி ஹார்ட் ஆஃப் தி சன்', 'கேர்ஃபுல் வித் தட் ஆக்ஸ், யூஜின்' இரண்டையும் அங்கே எடுத்தார்கள். பின்னால் திரையில் பாம்பெய்க் காட்சிகள். வாட்டர்ஸ் அடிவயிற்றிலிருந்து கத்தும் இடத்தில் எரிமலை கொப்பளிக்கும் படத்தை ஒட்டினார் மேபன். யாருக்கும் சந்தேகம் வராது என்று நினைத்திருப்பார்.

ஸ்டுடியோவுக்குள் நுழைந்த ரைட்டைப் பார்த்ததும் மேபனின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! பாம்பெயில் தாடியோடு இருந்த மனிதர் அமெரிக்காவெல்லாம் சுற்றிவிட்டு வந்தபோது முகத்தை மழுங்க வழித்திருந்தார். இன்றும் படத்தைப் பார்ப்பவர்களுக்கு இது நல்ல விளையாட்டு. ரைட்டுக்குத் தாடி இருந்தால் பாம்பெய், இல்லையென்றால் பாரிஸ்.

அதே பாரிசில்தான் ஐந்தாவது கலைஞர் சேர்ந்தார். சேர்ந்தாள் என்பதே சரி. பெயர் மத்மோசெல் நாப்ஸ். போர்சாய் இனத்துப் பெண் நாய், நீள மூக்கு, பட்டு முடி, பிரான்சின் புகழ்பெற்ற பூக்லியோன் சர்க்கஸ் குடும்பத்தின் வளர்ப்பு. கில்மர் ஹார்மோனிகா ஊதினார். வாட்டர்ஸ் கிதார் தட்டினார். ரைட் நாயின் வாயருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாய் கழுத்தை நிமிர்த்தி ஊளையிட்டது. 'மெடில்' ஆல்பத்தில் 'சீமஸ்' என்ற பாட்டில் இன்னொரு நாய் ஏற்கெனவே பாடியிருந்தது. அதன் மறுபதிப்பு இது. சிரிப்புக்குச் சேர்த்தது என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ அந்த இரண்டு நிமிடமும் பிடிக்கும். பிரபஞ்ச ரகசியம் தேடுகிறோம் என்று முகத்தை இறுக்கிவைத்திருந்த குழு கொஞ்சம் இளகியது அங்கேதான்.

இப்போது ஒரு சங்கடமான கேள்வி. பாதிப் பாட்டுகள் பாரிஸ் ஸ்டுடியோவில். பாம்பெயில் எடுத்தவையும் ஒரே மூச்சில் எடுத்தவை அல்ல. 35 எம்.எம். கேமராவில் ஒரு சுருள் பத்துப் பதினோரு நிமிடம்தான் ஓடும். 23 நிமிடப் பாட்டு எப்படி அதில் அடங்கும்? துண்டு துண்டாக வாசித்து, கேட்டுப் பார்த்து, ஒட்டியிருக்கிறார்கள். படத்திலும் 'எக்கோஸ்' இரண்டாகப் பிளந்து ஒரு பாதி முன்னாலும் ஒரு பாதி பின்னாலும் வரும். அப்படியானால் 'லைவ்' என்று எப்படி அட்டையில் போடலாம்?

போடலாம் என்பதுதான் என் கட்சி. கூட்டத்தோடு பதிவான லைவ் ஆல்பங்களின் யோக்கியதை இதைவிட மேல் அல்ல. பாடல்களை ஸ்டுடியோவில் திருத்திப் பாடிச் சேர்ப்பதும், வேறு ஊர்க் கைதட்டலைக் கொண்டுவந்து ஒட்டுவதும் அந்தத் தொழிலில் சகஜம். கைதட்டல் கேட்டதும் நாம் சந்தேகப்படுவதை நிறுத்திவிடுகிறோம். இங்கே அந்தத் திரை இல்லை. பாட்டு முடிந்தால் முடிந்ததுதான். 'நன்றாக இருந்தது' என்று சொல்லித்தர யாருமில்லை. தீர்ப்பைக் கேட்பவரே எழுதிக்கொள்ள வேண்டும். இந்தச் சுமையைக் கேட்பவர் தலையில் வைத்ததுதான் மேபன் செய்த பெரிய காரியம்.

1972 செப்டம்பரில் எடின்பரோ திரைப்பட விழாவில் ஒரு மணி நேரப் படமாக அது முதன்முதலில் ஓடியது. அடுத்தது லண்டன். நவம்பர் 25, ரெயின்போ தியேட்டர். குழு பலமுறை வாசித்த இடம். யாரும் இல்லாமல் எடுத்த படத்துக்குக் கடைசியில் பெரிய கூட்டம் கிடைக்கப்போகிறது.

அந்தக் கூட்டம் படத்தைப் பார்க்கவில்லை.

(தொடரும்)

4. ஐந்து டப்பா

ரெயின்போ தியேட்டர் காட்சி கடைசி நேரத்தில் ரத்தானது. படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வாங்கவில்லை என்று கட்டட உரிமையாளர் தரப்பு கதவை மூடியது.

மேபன் மீண்டும் நஷ்டத்தைப் புரட்டிப் பார்த்தார். படம் நீளம் போதாது என்ற குறை ஏற்கெனவே இருந்தது. அந்த நேரம் பிங்க் ஃப்ளாய்ட் லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் புதிய ஆல்பத்தின் கடைசி வேலைகளில் இருந்தது. கேமராவோடு உள்ளே விட்டார்கள். ஆல்பம் ஏறக்குறைய முடிந்துவிட்டதால், திரையில் நாம் பார்க்கும் ரெக்கார்டிங் பெரும்பாலும் கேமராவுக்காக மறுபடி வாசித்துக் காட்டியது. ஆனாலும் கிடைத்தற்கரிய காட்சிகள். வாட்டர்ஸ் சின்ன சிந்தசைசர் பெட்டியின் குமிழைத் திருகத் திருக 'ஆன் தி ரன்' ஓடுகிறது. கேன்டீனில் மேசன் ஓரம் இல்லாத ஆப்பிள் பை வேண்டும் என்று அடம் பிடிக்கிறார். அந்த ஆல்பம்தான் 1973 மார்ச்சில் வெளியான 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. அதன் பிறகு இவர்களை நான்கு பேராக, ஓரமில்லாத பைக்கு அடம் பிடிக்கும் இளைஞர்களாக யாரும் பார்க்கவில்லை. உலகின் மிகப் பெரிய குழுக்களில் ஒன்றாக ஆகிவிட்டார்கள்.

இந்தக் காட்சிகளைச் சேர்த்து 80 நிமிடமாக 1974-ல் படம் தியேட்டர்களுக்கு வந்தது. பல நாடுகளில் நள்ளிரவுக் காட்சியாக ஆண்டுக்கணக்கில் ஓடியது. ஒலியை மட்டும் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து தட்டாகவும் கேசட்டாகவும் விற்றவர்கள் உண்டு. அதிகாரபூர்வமான இசைத்தட்டு மட்டும் வரவில்லை.

இடையில் நடந்ததைக் கேட்டால் வயிறு எரியும். படத்தில் சேர்க்காத மிச்சச் சுருள்கள் நூற்றுக்கணக்கான டப்பாக்களில், பாரிசுக்கு வெளியே புவா டார்சி திரைப்படக் காப்பகத்தில் இருந்தன. வேறு கோணங்கள், வேறு டேக்குகள், எல்லாம். தயாரிப்பு நிறுவனத்தில் இருந்த ஒருவர் இடத்தை அடைக்கிறது என்று அத்தனையையும் எரித்துவிடச் சொல்லிவிட்டார். எரித்துவிட்டார்கள். வெசூவியஸ் சாம்பல் ஊரைப் பத்திரமாக மூடி வைத்திருந்தது. அலமாரி காலி செய்தவர் சாம்பலைத் தவிர எதையும் மிச்சம் வைக்கவில்லை.

2003-ல் மேபன் தன் கைப்பட ஒரு புதிய பதிப்பை டிவிடியில் கொண்டுவந்தார். விண்வெளிப் படங்களையும் கணினி வரைகலையையும் இடையிடையே சொருகியிருந்தார். சொல்லவே மனமில்லை, ஆனால் அது கைப்பக்குவம் தவறிய வேலை. ஆளில்லா அரங்கத்தின் வலுவே அதன் வெறுமையில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவரே அதை நிரப்பப் பார்த்தார். 2016-ல் குழுவின் ஆரம்பகாலப் பதிவுகளைத் தொகுத்து 'தி எர்லி இயர்ஸ்' என்ற பெரிய பெட்டி வந்தபோது பாம்பெயின் ஒலிக்கும் அதில் இடம் கிடைத்தது. ஆனால் விலையைப் பார்த்தவர்கள் பெட்டியை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டார்கள்.

அதே 2016. ஜூலை 7, 8 இரவுகளில் டேவிட் கில்மர் பாம்பெய் அரங்குக்குத் திரும்பினார். இந்த முறை ரசிகர்களோடு. ஒவ்வொரு இரவும் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர், அரங்கின் மண் தரையில் நின்றுகொண்டு. எரிமலை வெடித்த பிறகு அந்த அரங்கில் பார்வையாளர்களோடு நடந்த முதல் கச்சேரி என்று பத்திரிகைகள் எழுதின. 1971-ல் அங்கே வாசித்தவற்றில் 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' ஒன்றைத்தான் கில்மர் வாசித்தார். 'எக்கோஸ்' கேட்கும் ஆசையில் போனவர்கள் ஏமாந்தார்கள். 2008-ல் ரைட் புற்றுநோயால் இறந்துவிட்டார். அவரோடு குரல் சேர்த்துப் பாடிய பாட்டு அது, அவர் இல்லாமல் பாடுவதில்லை என்பது கில்மர் எடுத்த முடிவு.

எரிந்தவை போக ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தவர் லானா டோபம். குழுவின் காப்பகப் படங்களை மீட்டெடுக்கும் பொறுப்பில் இருப்பவர். அவர் தேடியது மிச்சச் சுருள்களை அல்ல. மேபன் வெட்டி ஒட்டிய படத்தின் அசல் 35 எம்.எம். நெகட்டிவை. கடைசியில் குழுவின் சொந்தக் காப்பகத்திலேயே, சரியாகப் பெயர் எழுதாத ஐந்து டப்பாக்களில் அது கிடைத்தது. ஒவ்வொரு சட்டகமாகத் துடைத்து 4கே தரத்தில் மீட்டார்கள்.

ஒலிக்கலவையைப் புதிதாகச் செய்யும் வேலை ஸ்டீவன் வில்சனிடம் வந்தது. 'போர்குபைன் ட்ரீ' குழுவை நடத்தியவர், பழைய புரோக்ரெசிவ் ராக் ஆல்பங்களைத் துலக்கித் தருவதில் கைதேர்ந்தவர். பிங்க் ஃப்ளாய்ட் பாம்பெயில் வாசித்தபோது இவருக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. இந்த மாதிரி வேலையில் பெரிய சபலம், இன்றைய காதுக்கு ஏற்றபடி ஊதிப் பெரிதாக்குவது. வில்சன் அதைச் செய்யவில்லை. டிரம்ஸ் உலர்ந்தே கேட்கிறது. பேஸ் கிதாரின் கனம் தெரிகிறது. காங் ஓய்ந்து அடங்கும் நேரம் முழுவதும் காதில் விழுகிறது. எங்கும் கைதட்டல் கிடையாது.

2025 ஏப்ரலில் படம் தியேட்டர்களுக்கும் மே 2-ல் ஆல்பம் கடைகளுக்கும் வந்தன. 53 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த இசைத்தட்டு, வந்த வேகத்தில் பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் முதலிடத்தில் உட்கார்ந்தது. அட்டையில் ரோமன் எண்களில் 1972 என்று பொறித்திருக்கிறார்கள். வாசித்தது 1971-ல், அட்டையில் இருப்பது படம் வெளியான ஆண்டு.

(முற்றும்)